சேவலுக்கு ஒரு பக்கெட் தண்ணீர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. சூடு தெரியும். ஒரகடத்தில் காருக்கு ரேடியேட்டர் செய்கிற கம்பெனியில் லீக் டெஸ்ட் பார்க்கிறவள் நான். காற்றை அடைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கினால் எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. அவ்வளவுதான் வேலை. என் கண்ணுக்குத் தப்பிய குமிழி குறைவு, என் வாய்க்குத் தப்பிய ஆள் அதைவிடக் குறைவு என்று லைனில் சொல்வார்கள். சொல்லட்டுமே, எனக்கென்ன.

அப்போது சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தேன். என்னோடு அறையில் இருந்தவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. முன்பு ஹாஸ்டலில் இருந்தாளாம். அங்கே கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள விடவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தாள். துணிமணி ஒரு பையில் அடங்கிவிட்டது. கம்ப்யூட்டருக்குத்தான் அறையில் பாதி இடம் போனது.

அவளுக்கு அனிமேஷன் பைத்தியம். ஷிப்ட் முடிந்து வந்து போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டாள். சட்டியைக் கழுவமாட்டாள். துவைத்த துணி மூன்று நாள் கொடியில் காயும். நான் திட்டாத நாள் கிடையாது. "ஏசாதீங்கக்கா, இந்தா முடிச்சிட்டேன்" என்பாள். முடித்திருக்கவே மாட்டாள்.

ஒரு புரட்டாசி மாதத்துச் சாயங்காலம், ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருக்கிறாள்.

"யாருடி செத்துட்டாங்க?"

"சேவல்க்கா."

"எந்தச் சேவல்? நாம எங்க சேவல் வளத்தோம்?"

திரையைக் காட்டினாள். பச்சையும் ரோஜா நிறமுமாகக் கட்டம் கட்டமாக என்னவோ தெரிந்தது. அதற்குள்ளே எங்கேயோ ஒரு சேவல் இருக்கிறதாம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். சென்னையில் ஒரு அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு எழுதிப் போட்டிருந்தாள். அவர்கள் ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். நனைந்த பிராணி ஒன்று உடம்பை உதறுகிற மாதிரி ஒரு சின்னக் காட்சி செய்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான், ஏனென்றால் கம்பெனியில் அந்த மாதத்தோடு காண்ட்ராக்ட் முடிகிறது. இனிமேல் எடுப்பதில்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான்.

"ஊருக்குப் போனா அண்ணன் கடையில உக்காத்தி வச்சிருவான்க்கா. கம்ப்யூட்டரையும் வித்துருவான். அப்புறம் நான் இந்த வேலைக்கு வரவே முடியாது."

சேவல்தான் பிரச்சினை. அதன் ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகச் செய்திருந்தாள். கழுத்தில் இருப்பது வேறு, வாலில் இருப்பது வேறு, ஒவ்வொன்றிலும் தண்ணீர்த் துளி வேறு. அத்தனையையும் கணக்கில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தீட்டுவது கிராஃபிக்ஸ் கார்டு என்கிற பலகையின் வேலை. அவளுடையது ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கார்டு. யாரோ கம்ப்யூட்டரில் கிரிப்டோ காயின் எடுக்கிறேன் பேர்வழி என்று வருஷக்கணக்கில் போட்டு வாட்டியது. சேவல் பாதி உதறுவதற்குள் கார்டு கொதித்துப் போய் நின்றுவிடுகிறது.

"பாதி இறகப் பிச்சிப் போடேன். சூடு கொறையும்ல?" என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். சோறு தின்கிற வரைக்கும் அவள் என்னிடம் பேசவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவைத் திறக்கச் சொல்லி, கார்டின் முதுகில் விரலை வைத்தேன். அம்மாடி! விரலை வாயில் வைத்து ஊதிக்கொண்டே கேட்டேன்.

"முன்பக்கம் மூணு ஃபேன் சுத்துது. முதுகுப் பக்கம் இன்னா கீது?"

"வெறும் தகடுதான்க்கா. அதுக்கு அடியிலதான் மெமரி சிப்பெல்லாம் இருக்கு. இறகு, தண்ணி எல்லாம் அதுலதான் நிக்கி. அதுதான் வெந்து போகுது."

"கார் எஞ்சினுக்குத் தண்ணி வுடறோம். இதுக்கும் வுட்டா இன்னா?"

"அக்கா, கரண்டுக்குள்ள தண்ணியா?" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

"உள்ள இல்லடி, முதுகு மேல. நீ கம்முனு சேவலப் பாரு. முதுக நான் பாத்துக்கறேன்."

வாய் விட்டுவிட்டேன். செய்து காட்ட வேண்டுமே. சூட்டை உறிஞ்சத் தட்டையாக ஒரு செப்புத் தகடு, அதன் மேல் தண்ணீர் ஓட ஒரு செப்புக் குழாய், இதுதான் என் திட்டம். எங்கள் கம்பெனியில் தகடும் குழாயும் மலையாகக் குவிந்து கிடக்கும், ஆனால் கேட்டில் தலையில் குத்திய ஹேர்பின் வரைக்கும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். செப்புத் தகட்டுக்கு எங்கே போவது என்று யோசித்தபோதுதான் படப்பையில் பூஜை சாமான் கடை ஞாபகம் வந்தது. எந்திரம் எழுதுவதற்கு வெறும் தகடு விற்பார்களே!

கடைக்காரர் கனமான தகடு ஒன்றை எடுத்து வைத்து, "எந்தச் சாமிக்கும்மா?" என்றார்.

கம்ப்யூட்டருக்கு என்றால் கொடுப்பாரோ மாட்டாரோ. பக்கத்தில் நின்ற இவள் முந்திக்கொண்டு, "முருகனுக்கு" என்றாள். வெளியே வந்து கேட்டால், "சேவலுக்குத்தானே வாங்குதோம்" என்கிறாள். கடைக்காரர் பாவம், ஒரு விபூதிப் பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுத்து, செவ்வாய்க்கிழமை வைக்கச் சொன்னார். அன்றைக்கே செவ்வாய்க்கிழமைதான். நல்லதாகப் போயிற்று.

ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு பிரிட்ஜ் மெக்கானிக் இருந்தார். மெல்லிய செப்புக் குழாயை வளைத்து வளைத்துத் தகட்டின் மேல் பற்றவைத்துக் கொடுத்தார். அதை அறைக்குக் கொண்டுவந்து ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து, பக்கெட் தண்ணீரில் முக்கினேன். ஒரே ஒரு குமிழி, கடுகு அளவு. திரும்ப அவரிடம் போனேன்.

"ஒத்தக் குமிழிதாம்மா. போவப் போவ அதுவே அடைச்சிக்கும்."

"அண்ணே, அதுவே அடைச்சிக்கும்னு என்னாண்ட சொன்னவங்க நிறைய பேரு. ஒருத்தர் பீஸையும் நான் பாஸ் பண்ணதில்ல."

முணுமுணுத்துக்கொண்டே மறுபடி பற்றவைத்தார். இந்தத் தடவை குமிழி இல்லை.

தகட்டைக் கார்டின் முதுகில் நேரே வைக்கக் கூடாது, நடுவில் சூடு கடத்துகிற மெத்தைப் பட்டை வேண்டும் என்று அவள் சொன்னாள். அதை ஆன்லைனில் வரவழைத்தாள். தகடு நகராமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டிக் கார்டோடு சேர்த்து இழுத்துக் கட்டினேன். மீன் தொட்டிக்குப் போடுகிற குழாய், ஏர்கூலருக்குப் போடுகிற குட்டி மோட்டார். மோட்டார் பக்கெட்டுக்குள் கிடந்து தண்ணீரைக் குழாயில் ஏற்றும். அது கார்டின் முதுகைச் சுற்றிவிட்டுத் திரும்பப் பக்கெட்டுக்கே வரும். போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், குழாயில் வெள்ளையாகப் படிந்துவிடும் என்று கேன் தண்ணீர் ஊற்றினோம். நாங்கள் குடிப்பதற்கு வீட்டுக்காரம்மாவிடம் சொம்பை நீட்டினோம்.

முதலில் பக்கெட்டை அறைக்குள்ளேதான் வைத்திருந்தோம். அந்தப் புழுக்கத்தில் கொஞ்ச நேரத்திலேயே தண்ணீர் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. நான்தான் அதை ஜன்னலுக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து நிழலில் கொண்டுபோய் வைத்தேன். குழாய் இரண்டும் ஜன்னல் கம்பி வழியே உள்ளே போயின. மூடி போடலாமா என்று அவள் கேட்டதற்கு, "மூடினா சூடு எங்கடி போவும்? எங்க கம்பெனி கூலிங் டவரு தொறந்துதான் கீது" என்று அடித்துப் பேசினேன்.

சுவிட்சைப் போட்டாள். சேவல் உதற ஆரம்பித்தது. திரையின் மூலையில் மெமரிச் சூடு எத்தனை என்று ஒரு எண் ஓடும். முன்பெல்லாம் நூறைத் தாண்டி ஓடிய எண், எழுபதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏறவே இல்லை. நான் விரலை மடித்து வைத்து ஒரு விசில் அடித்தேன் பாருங்கள், முன்கட்டிலிருந்து வீட்டுக்காரம்மா, "பொரட்டாசி மாசத்துல இன்னாடி ரவுசு?" என்று கத்தினார். இவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் யாருக்கும் கொடுத்ததில்லை என்றே நினைக்கிறேன்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சேவலின் கண், கொண்டை எல்லாவற்றையும் திருத்திவிட்டு, முழுக் காட்சியையும் காலையில் ஓடவிட்டாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும் என்றாள். அன்றைக்குப் பார்த்து அவளுக்கு ஓ.டி. போட்டுவிட்டார்கள். போகாவிட்டால் சூப்பர்வைசர் அன்றோடு கணக்கை முடித்துவிடுவான். எனக்கு வார லீவு.

"நம்பர் தொண்ணூறத் தாண்டுனா இந்தப் பட்டன அமுக்கி நிறுத்திருங்க. ஆறுனப்புறம் அதையே அமுக்குனா விட்ட இடத்துல இருந்து போகும். வேற எதையும் தொட்டுறாதீங்கக்கா."

"நான் இன்னா கைக்கொழந்தையா? பஸ் வந்துடும், போடி."

அவள் கம்பெனிக்குள்ளே போனதும் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். எதுவானாலும் அவளைக் கூப்பிட முடியாது. கொஞ்ச நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுபதிலேயே நின்றது. சரி, குழம்பைக் கூட்டி வைக்கலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தபோது மோட்டார் சத்தம் மாறிவிட்டது. 'உம்'மென்று இருந்தது 'கிர்'ரென்று கத்த ஆரம்பித்தது. தண்ணீர் இல்லாமல் ஓடுகிற மோட்டாரின் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. தண்ணீரெல்லாம் மண்ணில். மோட்டார் மட்டும் துவைக்கிற கல்லின் மேல் மரியாதையாக எடுத்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஊராட்சியிலிருந்து வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருகிற அம்மா, சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு கொட்டினது?" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கையிலிருந்து சாக்பீஸ் விழுந்துவிட்டது.

"நான்தான் கொட்டனேன். தண்ணிய இப்படித் தொறந்து வச்சிக்கினு கீறீங்க. டெங்கு வராம இன்னா வரும்?"

"ஓடற தண்ணில கொசு எங்கம்மா முட்டை வுடும்? கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"தோ பாரு, மரியாதையாப் பேசு. நான் என் வேலயத்தான் செஞ்சேன்."

சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா வந்தார். வந்தவர் அந்த அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். "நான் அப்பவே நெனைச்சேன். நோட்டீஸ் வந்தா வூட்டுக்குத்தான் வரும், ஒனக்கா வரும்?"

எனக்கு எண் ஞாபகம் வந்தது. மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன். நூறைத் தாண்டிவிட்டது. பட்டனை அமுக்குவதற்குள் திரையில் கட்டம் கட்டமாக என்னவோ பூத்தது, அப்புறம் கறுத்துப் போனது. என்னை நம்பி விட்டுப் போயிருக்கிறாளே, என்ன பதில் சொல்வேன்? ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக் கத்தினேன். "அந்தப் பொண்ணு வேலையே போயிடுச்சும்மா! இன்னைக்கு ஆறு மணிக்குள்ள இது போய்ச் சேரலன்னா அவ ஊருக்குப் போய்டணும். அந்தத் தண்ணிதாம்மா அதுக்கு உயிரு!" கத்தக் கத்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த?" என்றார் வீட்டுக்காரம்மா. சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போய், குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். கொசுப்புழு அம்மா பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கெட்டைக் கழுவினார். தண்ணீரை ஊற்றி மோட்டாரைப் போட்டால், ஓடுகிறது, ஆனால் தண்ணீர் ஏறவில்லை. குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. திரும்பி வருகிற குழாயை வாயில் வைத்து மூச்சுப் பிடித்து உறிஞ்சினேன். ஒரு வாய் செம்பு வாடைத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. துப்பிவிட்டுப் பார்த்தால், சுரசுரவென்று தண்ணீர் வருகிறது.

கார்டின் முதுகு ஆறுகிற வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். விபூதிப் பொட்டலம் அலமாரியில் இருந்தது. எடுத்து எனக்கும் பூசிக்கொண்டு, கம்ப்யூட்டருக்கும் பூசினேன். அப்புறம் கம்ப்யூட்டரை ஆன் செய்கிற பெரிய பட்டனை அமுக்கினேன். என்னென்னவோ ஓடி, கடைசியில் கொண்டையோடு சேவல் வந்து நின்றது. அவள் காட்டிய பட்டனை அமுக்கினேன். விட்ட இடத்திலிருந்து உதற ஆரம்பித்தது.

"மூடத் தேவல, துணியக் கட்டு. கொசு போவாது, காத்து போவும்" என்று கொசுப்புழு அம்மா, வீட்டுக்காரம்மாவின் பழைய நைலெக்ஸ் புடவையில் ஒரு துண்டைக் கிழித்துப் பக்கெட் வாயில் கட்டினார். அத்தோடு போய்விடுவார் என்று பார்த்தால், அறைக்குள் வந்து திரை முன்னால் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரம்மாவும் உட்கார்ந்தார். கருகிப் போன வெங்காயத்தை நான் வழித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"உதர்றது கரீட்டா கீது. ஆனா எங்க வூட்டுச் சேவலு உதறினா ஒரு பக்கம் சாயும்" என்றார் கொசுப்புழு அம்மா.

"இது தூத்துக்குடிச் சேவலு. சாயாது" என்றார் வீட்டுக்காரம்மா.

அவள் வந்தபோது மணி ஐந்து தாண்டிவிட்டது. எங்கள் மூன்று பேரையும் கம்ப்யூட்டரையும் அதன் நெற்றியில் விபூதியையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். சேவல் இன்னும் கொஞ்சம் உதற வேண்டியிருந்தது. முடிந்ததும் படங்களையெல்லாம் ஒரே வீடியோவாகக் கோர்த்து, அனுப்பப் போனால் நெட் இழுக்கவில்லை. அதைப் போனில் ஏற்றிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே ஓடி, போனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு அடிக்கச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தது. இரண்டு பேரும் சுடுகிற தளத்திலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அதற்கப்புறம் நாலைந்து நாள். நான் யூனிபார்ம் துவைத்துக்கொண்டிருந்தபோது போனைக் காதில் வைத்தபடி வந்தாள். பேசி முடித்துவிட்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "அக்கா, எடுத்துட்டாங்கக்கா" என்றாள். சோப்புக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். தலையெல்லாம் நுரை.

"எப்போ சேரணும்?"

"திங்கக்கிழம. வடபழனிப் பக்கம் ரூமும் பாத்துத் தாராங்களாம்."

அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. தகடு வாங்கினேன், குமிழி பார்த்தேன், வாயால் தண்ணீரை உறிஞ்சினேன். இதெல்லாம் பலித்தால் இந்தப் பெண் இங்கே இருக்கமாட்டாள் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. எனக்கு மூளை அவ்வளவுதான். "நல்லது" என்று சொல்லிவிட்டுத் துவைத்த சட்டையையே மறுபடி துவைத்தேன்.

திங்கட்கிழமை காலையில் ஷிப்டுக்குப் போகாமல் அவளை பஸ் ஏற்றப் போனேன். கார்டை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டாள், மற்றதை, வேலை கிடைத்ததும் இறங்கி வந்துவிட்ட அவள் அண்ணன் வண்டி வைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பானாம். தாம்பரம் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

"கார்ட எவளாச்சும் முதுகுப் பையில போட்டுக்கினு போவாளா? மடியில வச்சிக்க. போய்ச் சேந்ததும் போன் பண்ணு. வேளைக்குச் சாப்புடு, அங்க ஒன்னைக் கூப்புடறதுக்கு யாரும் கெடையாது. துணியக் கொடியிலயே வுட்டுடாத. சீப்பு எடுத்தியா? எடுத்திருக்க மாட்டியே."

"ஏசுங்கக்கா" என்றாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டே. "நிறுத்தாதீங்க. நிறுத்துனா நான் அழுதுருவேன்."

நிறுத்தவில்லை. பஸ் வந்து, அவள் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகும் கீழே நின்று திட்டினேன். தலையை வெளியே நீட்டாதே என்று திட்டினேன். பஸ் கிளம்பியதும் கூடவே நாலு எட்டு நடந்து திட்டினேன். அது வளைவில் திரும்பியது. அதற்கப்புறம் திட்ட ஆள் இல்லை.